மூன்று சாக்லேட்டும் ஒரு ரசீதும்: கானாவில் செய்ததை ஏன் எடுத்தேன்

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுப்பது வழக்கம். சங்கம் இருப்பது ஜெர்மனியில் என்பதால் கடைகளில் சாக்லேட்டுக்குப் பஞ்சமே இல்லை. இந்த முறை எண்பது பிள்ளைகளுக்கும் கானாவிலேயே செய்த சாக்லேட்டை வாங்கினேன். கணக்கு பார்க்கும் அக்கா ரசீதைப் பார்த்துவிட்டு, "தம்பி, போன வருஷத்தைவிட ரெண்டு மடங்கு ஆயிருக்கே, அப்படி என்ன இதுல?" என்று கேட்டார். அவரிடம் அவசரத்தில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

பின்னணி பலருக்கும் தெரிந்ததுதான். உலகக் கோகோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்டிலும் கானாவிலும் விளைகிறது. 2001-ல் சாக்லேட் தொழில்துறை ஹார்கின்-எங்கல் உடன்பாட்டில் கையெழுத்திட்டு, மிக மோசமான குழந்தை உழைப்பு இல்லாத கோகோ என்று சான்றளிக்கும் முறையை 2005-க்குள் கொண்டுவருவதாக வாக்குக் கொடுத்தது. கெடு தள்ளித் தள்ளிப் போனது. 2020-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் வெளியிட்ட அறிக்கையின்படி இரு நாடுகளிலும் 15.6 லட்சம் பிள்ளைகள் கோகோ வேலையில் இருந்தார்கள். பெரும்பாலோர் சொந்தக் குடும்பத்தின் தோட்டத்தில் வேலை செய்பவர்கள். மாலியிலிருந்தும் புர்கினா ஃபாசோவிலிருந்தும் ஆள்பிடித்துக் கொண்டுவந்து கூலியில்லாமல் வேலை வாங்கப்படும் பிள்ளைகள் எண்ணிக்கையில் குறைவு. அவர்கள் படும் பாடு வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. ஆனால் இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: வயது வந்த ஆளை வைத்துக் கூலி கொடுக்க விவசாயி கையில் காசில்லை.

அந்த வேலை எப்படிப்பட்டது என்று கொஞ்சம் கண்ணால் பார்த்திருக்கிறேன். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகளில் கோகோவை ஊடுபயிராகப் போடுகிறார்கள். அங்கே ஒரு தோப்பில் காய் உடைத்துப் பார்த்தேன். காயை ஒரு கையில் பிடித்து, மறு கையில் கத்தியை ஓங்க வேண்டும். தோடு பிளந்ததும் வெள்ளைச் சதையோடு ஒட்டிக்கிடக்கும் முப்பது நாற்பது விதைகளை விரலால் வழித்தெடுக்க வேண்டும். பத்துக் காய் உடைப்பதற்குள் கை வழவழவென்று ஆகி, கத்திப் பிடி நழுவியது. மேற்கு ஆப்பிரிக்காவில் இதை நாள் முழுக்கச் செய்து, விதைகளை வாழையிலையில் மூடி ஆறேழு நாள் புளிக்க வைத்து, பாயில் பரப்பிக் காயவைத்து, மூட்டையும் சுமக்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளை கையில் அந்தக் கத்தியை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

சரி, சாக்லேட்டுக்கு வருவோம். நான் எடுத்துப் பார்த்தவை மூன்று.

முதலாவது, சூப்பர் மார்க்கெட்டின் சொந்தப் பெயரில் வரும் ஃபேர்ட்ரேட் முத்திரைச் சாக்லேட். விவசாயிக்கு நியாய விலை கிடைக்க வேண்டும் என்பதற்கான சான்று முத்திரை அது. விலை குறைவு, எங்கும் கிடைக்கும். 2019 அக்டோபரில் ஃபேர்ட்ரேட் நிர்ணயித்த அடிப்படை விலை டன்னுக்கு 2,400 டாலர், அதற்கு மேல் 240 டாலர் ஊக்கத்தொகை. சந்தை விலை விழும்போது இது விவசாயிக்கு நல்ல பாதுகாப்பு. ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஆலையில் முத்திரைக் கோகோவும் மற்றதும் கலந்து அரைபடலாம். வாங்கிய அளவுக்கு ஈடான சாக்லேட்டில் முத்திரை போட்டுக்கொள்ளலாம். பால் சொசைட்டியில் ஊற்றிய பால் மாதிரிதான், நம் மாட்டுப் பாலே நம் பாக்கெட்டில் வரும் என்று சொல்ல முடியாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, காசு போய்ச் சேர்ந்தால் போதும். காசு எவ்வளவு என்பதுதான் கேள்வி.

இரண்டாவது, டோனிஸ் சொகோலோன்லி என்ற நிறுவனத்தின் சாக்லேட். நெதர்லாந்தில் 2005-ல் ஒரு பத்திரிகையாளர் தொடங்கியது. கானா, ஐவரி கோஸ்ட் கூட்டுறவுகளிடம் கோகோ எங்கிருந்து வந்தது என்று தடம் பார்த்து வாங்குகிறார்கள். ஐந்து வருடமாவது வாங்குவோம் என்று உறுதி கொடுத்து, குடும்பம் பிழைக்கத் தேவையான விலையைக் கணக்கிட்டுக் கூடுதல் தொகையும் தருகிறார்கள். தங்கள் கூட்டுறவுகளில் கண்டுபிடித்த குழந்தை உழைப்பின் எண்ணிக்கையைத் தாங்களே வெளியிடுகிறார்கள். தேடினால்தானே கிடைக்கும்! ஆனால் சாக்லேட் ஆவது பெல்ஜியத்தில்.

மூன்றாவது, நான் வாங்கிய, ஃபேராஃப்ரிக் என்ற நிறுவனத்தின் சாக்லேட். கானாவின் தலைநகர் அக்ராவிலிருந்து குமாசி நகருக்குப் போகும் சாலையில் அமனாசே என்ற ஊரில் 2020-ல் சூரிய மின்சாரத்தில் ஓடும் தொழிற்சாலை கட்டினார்கள். வறுப்பது, அரைப்பது, அச்சில் வார்ப்பது, உறை போடுவது எல்லாம் அங்கேதான். இயற்கை வேளாண் கோகோவுக்கு டன்னுக்கு 600 டாலர் கூடுதலாகத் தருவதாகச் சொல்கிறார்கள்.

அக்காவுக்கு நான் ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டிய கணக்கு இது. எழுபது சதவீத டார்க் சாக்லேட் நூறு கிராம் செய்ய ஏறக்குறைய 90 கிராம் கோகோ விதை வேண்டும். டன்னுக்கு 2,400 டாலர் என்றால் அந்த விதையின் விலை 22 சென்ட். ஃபேர்ட்ரேட் ஊக்கத்தொகை 2 சென்ட் சொச்சம். 600 டாலர் என்றாலும் 5 சென்ட்தான். விதை விலையை அப்படியே இரட்டிப்பாக்கினாலும் ஒரு சாக்லேட்டுக்கு இன்னொரு 22 சென்ட், அவ்வளவே. நாம் கடையில் கொடுக்கும் மீதிக் காசு பெரும்பாலும் மூட்டை கானாவின் டெமா துறைமுகத்தில் கப்பலேறிய பிறகு நடக்கும் வேலைகளுக்குப் போகிறது. வறுப்பவர் சம்பளம், இயந்திரம் பழுது பார்ப்பவர் சம்பளம், உறை அச்சிடுபவர் கூலி, ஆலை கட்டும் வரி என்று எல்லாம் ஐரோப்பாவில் தங்கிவிடுகின்றன. கோகோ மரமே இல்லாத சுவிட்சர்லாந்துக்குச் சாக்லேட்டால் பெயர். 2020-ல் அப்போதைய கானா அதிபர் அகுஃபோ-அட்டோ அங்கேயே போய், மூலப்பொருளை விற்றுக்கொண்டே இருக்கும் நாடாக இனி கானா இருக்க விரும்பவில்லை என்று சொன்னார்.

விதைக்குக் கூடுதல் விலை கொடுப்பது அவசியம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கோகோ ஊரிலேயே மாதச் சம்பளம் வந்தால், வீட்டில் ஒருவர் ஆலைக்குப் போகலாம். அந்தச் சம்பளத்தில் காய் உடைக்க ஆள் வைக்கலாம், பிள்ளை பள்ளிக்குப் போகலாம். இது என் நம்பிக்கை. அமனாசேயில் எத்தனை வீட்டில் இப்படி நடந்தது என்று போய்ப் பார்த்தவனில்லை நான்.

கானாவில் செய்த சாக்லேட்டிலும் எல்லாக் காசும் அங்கே போய்விடுவதில்லை. கடையின் லாபமும் வரியும் எப்படியும் ஜெர்மனியில்தான் தங்குகின்றன. கானாவுக்குச் சர்க்கரையும் பால்மாவும் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வருகின்றன. 2024-ல் விளைச்சல் சரிந்தபோது, உலகச் சந்தையில் விலை டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியது. கோகோ விளையும் கானாவிலேயே அரவை ஆலைகள் விதை கிடைக்காமல் நின்றன. ஆலை வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் வேலை செய்கிறார்களா என்று தேடிக் கண்டுபிடிப்பது மட்டுமே உங்கள் அளவுகோல் என்றால், இரண்டாவதை எடுங்கள். அந்த ஒரு விஷயத்தில் அவர்கள் கையில் இருக்கும் விவரம் அதிகம் என்றுதான் எனக்குப் படுகிறது.

சுவையைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை, மூன்றும் நன்றாகவே இருந்தன. வாங்குவதில்தான் கானாச் சாக்லேட்டுக்குக் கொஞ்சம் சிரமம். எங்கள் ஊர்க் கடையில் எண்பது ஒரே நேரத்தில் இல்லை, இணையத்தில்தான் வரவழைத்தேன். இரண்டு வாரம் முன்னாலேயே சொல்லிவிடுவது நல்லது.

அக்கா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடுத்த வருஷமும் இதையே வாங்கு. ஆனா சின்னதுங்களுக்குக் கசக்குற மாதிரி வேணாம்" என்றார். அதுவும் நியாயம்தான். விழா முடிந்து பெருக்கியபோது, மூன்று வயதுக்காரர்கள் ஒரு கடி கடித்துவிட்டு வைத்த டார்க் சாக்லேட் ஏழெட்டு கிடைத்தது. அடுத்த தை மாதத்துக்கு அதே ஆலையின் பால் சாக்லேட்டில் இருபது.