கல்லா, மரமா, மண்ணா: மூன்று ஆங்கிலக் கிராமங்கள்

இங்கிலாந்தில் பழைய கிராமம் பார்க்க வேண்டும் என்றாலே எல்லாரும் காட்ஸ்வோல்ட்ஸுக்கு வண்டி ஏறுகிறார்கள். படம் எடுக்கத்தான் என்றால் சரி. வீடு எப்படிக் கட்டப்பட்டது, எதனால் நிற்கிறது, எங்கே கெடுகிறது என்று பார்க்க ஆசையிருந்தால் வேறு இடங்களையும் யோசிக்க வேண்டும். காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியில் குளோஸ்டர்ஷையரின் பைபரி கல்லால் ஆனது. சஃபோக்கின் லாவனம் மரச்சட்டத்தால். டெவனின் பிராட்ஹெம்பரி மண்ணால். ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் லாவனத்துக்குப் போகச் சொல்வோம்.

லாவனமும் பைபரியும் கம்பளிப் பணம் கண்டவை. சஃபோக் மண்ணில் களியும் சக்கிமுக்கிக் கல்லும் உண்டு, சுவர் வைக்கத் தோதான கல் கிடையாது. அதனால் ஓக் மரம். காட்ஸ்வோல்ட்ஸில் தோண்டினால் சுண்ணாம்புக்கல். காலடியில் கிடைத்ததைத்தான் கட்டினார்கள்.

லாவனத்தின் ஓக் பச்சையாகவே அறுக்கப்பட்டது. காய்ந்த ஓக்கில் உளி இறங்குவது பெரும்பாடு. ஒரு கட்டையின் நாக்கை மற்றதன் துளையில் செருகி, குறுக்கே மர ஆணி அடிப்பார்கள். நாக்கில் போடும் ஆணித்துளையைக் கொஞ்சம் தள்ளிப் போடுவதுதான் சூட்சுமம்: ஆணி இறங்க இறங்க மூட்டு தானாக இறுகும். சட்டத்தைத் தரையில் கோத்துப் பார்த்து, பிரித்து, மனையில் மறுபடி நிறுத்துவார்கள். எந்தக் கட்டை எதோடு சேரும் என்பதற்கு ரோமன் எண் போன்ற கோடுகளை உளியால் கீறி வைத்தார்கள். இன்றும் சில மூட்டுகளில் அவை தெரியும். மூலைத் தூண்களை நிறைய இடங்களில் தலைகீழாக நட்டிருப்பார்கள். மரத்தின் பருத்த அடிப்பாகம் மேலே வந்தால்தான் இரண்டு மூன்று உத்தரங்கள் வந்து சேர இடம் கிடைக்கும்.

நிறுத்திய பிறகு பச்சை மரம் பல ஆண்டுகள் காய்ந்து சுருங்கி முறுக்கும். தெருவில் காணும் கோணல்களில் பல இதனால் வந்தவை. வீடு விழப்போகிறது என்று பயப்பட வேண்டாம். சட்டத்தின் இடைவெளிகளில் வரிச்சு கட்டி, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்துப் பூசி, மேலே சுண்ணாம்பு அடித்தார்கள். மரம் அசைந்தால் இந்தப் பூச்சும் கூடவே அசையும். பிற்காலத்தில் சிமெண்ட் பூசிய வீடுகளில்தான் வினை. சிமெண்ட் அசையாது. ஓரத்தில் மயிரிழை விரிசல் விடும், மழைநீர் உள்ளே போகும், வெளியேற வழியில்லாமல் தங்கும். முதலில் அழுகுவது சுவரின் அடியில் கிடக்கும் அடிக்கட்டை, பிறகு தூண்களின் பாதம். ஈர ஓக்கைத் தேடி வண்டும் வரும். பழுது பார்ப்பவர் முழுத் தூணையும் மாற்ற மாட்டார். கெட்ட பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, சாய்வெட்டாகப் புது ஓக்கை ஒட்டுவார்.

நெருக்கமாக நிற்கும் குத்துக்கட்டைகள் பலத்துக்காக மட்டும் வைத்தவை அல்ல. இவ்வளவு ஓக் வாங்க முடிந்தது என்று ஊருக்குக் காட்டிய பெருமை அது. 1530 வாக்கில் எழுந்த சங்க மண்டபமான கில்டுஹாலில் இதை நன்றாகப் பார்க்கலாம். 1524 வரிக் கணக்கில் நாட்டின் பணக்கார ஊர்களில் லாவனம் 14ஆவது இடத்தில் இருந்தது. பிறகு மலிவான, லேசான துணிகள் வந்து ஊர் நொடித்தது. இடித்துக் கட்டக் காசில்லாததால் பழசு அப்படியே மிஞ்சியது.

பைபரியில் எல்லாரும் நிற்பது ஆர்லிங்டன் ரோ என்ற வீட்டு வரிசையின் முன்னால். 1380 வாக்கில் கம்பளிக் கிடங்காகக் கட்டி, 17ஆம் நூற்றாண்டில் நெசவாளர் குடியிருப்பாக மாற்றியது. அங்கே சுவரைவிடக் கூரையைப் பாருங்கள். மேலே கிடப்பது சுண்ணாம்புக்கல்லைத் தகடாகப் பிளந்த கல் ஓடு. சில வகைக் கல்லைத் தோண்டி ஈரம் காயாமல் வைத்திருந்தால் குளிர்கால உறைபனியே பிளந்து கொடுத்துவிடும். பெரிய ஓடுகள் இறவாரத்தில், மேலே போகப் போகச் சிறியவை, முகட்டில் மிகச் சிறியவை. ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 100 கிலோ பாரம். ரீப்பரில் மாட்டியிருக்கும் ஓக் ஆணி உளுத்துப்போனால் ஓடு சரியும். ஆணித்துளைப் பக்கம் தேய்ந்த ஓடுகளைக் கொத்திச் சிறிதாக்கி மேல் வரிசையில் மறுபடி போடலாம் என்பதால் நல்ல கல் வீணாவதில்லை. ஒரே கனத்தில், ஒரே விளிம்பில் ஓடுகள் தெரிந்தால் அது கான்கிரீட் நகல்.

சுவரில் பார்க்க வேண்டியது கல்லுக்கு இடையிலுள்ள காரை. சுண்ணாம்புக் காரை கல்லைவிட மென்மையானது, ஈரம் அதன் வழியாக வெளியேறும். அங்கே சிமெண்ட் அடைத்தால் ஈரம் கல்லின் முகம் வழியாக வரும். உறைபனியில் அந்த முகம் உதிரும். சில பத்தாண்டுகளில் கல் உள்வாங்கி, சிமெண்ட் மட்டும் வரப்பு வரப்பாகத் துருத்தி நிற்கும். தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கலாம்.

பிராட்ஹெம்பரி இரண்டையும்விட அமைதியான ஊர். வெளிறிய பாலேட்டு நிறச் சுவர், மேலே வைக்கோல் கூரை. அடிமண்ணில் வைக்கோலும் நீரும் சேர்த்து மிதித்து, கல் வரிசையின் மேல் ஏறக்குறைய அரை மீட்டர் உயரத்துக்கு ஓர் அடுக்கு வைத்து, காயவிட்டு, அடுத்ததை வைப்பார்கள். அவசரப்பட்டால் கீழ் அடுக்கு பிதுங்கும். சுவர் கனம் 60 சென்டிமீட்டருக்குக் குறையாது. மண் சுவருக்கு நல்ல தொப்பியும் நல்ல பூட்ஸும் வேண்டும் என்பது டெவன்காரர் சொல்: கூரையும் கல் அடித்தளமும் சரியாக இருந்தால் நூற்றாண்டுகள் நிற்கும். சிமெண்ட் பூசினால் மூன்றிலும் மோசமாகக் கெடுவது இதுதான். மரம் மெல்ல அழுகும், கல் மெல்ல உதிரும். நனைந்த மண் சுவரோ வெளியே ஒன்றும் காட்டாமல் இருந்து ஒரு நாள் திடீரென்று உட்கார்ந்துவிடும். அடிப்பகுதியில் புடைப்போ கருத்த ஈரக்கோடோ தெரிந்தால் அது எச்சரிக்கை.

லாவனத்தை முன்னால் வைப்பதற்கு முக்கியக் காரணம் உள்ளே போக முடிவதுதான். கில்டுஹாலும் லிட்டில் ஹால் என்ற பழைய வீடும் பார்வையாளருக்குத் திறக்கின்றன. மர மூட்டுகளை அருகில் நின்று பார்க்கலாம். ஆர்லிங்டன் ரோ ஆட்கள் தங்கும் வீடுகள், வெளியிலிருந்துதான் பார்க்க முடியும். கோடையில் சுற்றுலாக் கூட்டம் வேறு. பிராட்ஹெம்பரியிலும் வீடுகள் தனியாருடையவை.

மூன்று ஊரிலும் ரயில் நிலையம் கிடையாது. லாவனத்துக்கு லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ஏறி, மார்க்ஸ் டேயில் மாறி சட்பரியில் இறங்கினால் அங்கிருந்து பேருந்தில் சுமார் 11 கிலோமீட்டர். பைபரிக்கு பாடிங்டனிலிருந்து கெம்பிள். பிராட்ஹெம்பரிக்கு வாட்டர்லூவிலிருந்து ஹானிட்டன். இந்த இரண்டுக்கும் மிச்சத் தூரத்துக்கு டாக்ஸியோ காரோ இருப்பது நல்லது.