ராஜகால்வாய்க்கு எந்தக் குறி: ஓடையா, வடிகாலா?

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ராஜகால்வாய், அதாவது பெரிய மழைநீர்க் கால்வாய், ஒன்று ஓடுகிறது. யார் வேண்டுமானாலும் வரைந்து திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் போன மாதம் அதை வரைந்தேன். கோடு போட ஒரு மணி நேரம்தான். அது எந்த வகை நீர்வழி என்று காட்ட என்ன குறி வைப்பது என்பதில்தான் நாள் போனது. அங்கே உள்ள ஆங்கிலக் குறிகளைத் தமிழில் சொன்னால் மண்வாய்க்கால், ஓடை, வடிகால். நான் வைத்தது வடிகால்.

மண்வாய்க்கால் என்பது வயலோரமும் சாலையோரமும் வெட்டி விடுவது. ஆள் உயரச் சுவர் எழுப்பிய கால்வாய்க்கு அது பொருந்தாது.

ஓடைக்கு நியாயம் இருக்கிறது. ஏரிக்கு ஏரி மழைநீரைக் கொண்டுபோன பழைய தடம் இது. இப்படியே பெள்ளந்தூர் ஏரியிலிருந்து வர்த்தூர் ஏரிக்குப் போகும் தண்ணீர் தட்சிண பினாகினியில் கலந்து, ஓசூர் வழியாகத் தென்பெண்ணையாகத் தமிழ்நாட்டுக்கு வருகிறது. அதை வடிகால் என்று எழுத எனக்கும் மனம் வரவில்லை.

ஆனாலும் எழுதினேன். காரணம் பராமரிப்பு. நான் போட்ட கோட்டை நாளைக்கு வேறொருவர் திருத்துவார். கண்ணால் பார்த்துச் சரிபார்க்க முடிவதை எழுது என்பதுதான் அங்கே வழக்கம். அவர் வந்து பார்த்தால் இரண்டு பக்கமும் காங்கிரீட் சுவர். ஓடை என்றிருந்தால் மாற்றிவிடுவார். பழைய வரலாறு தெரிந்த இன்னொருவர் திரும்ப மாற்றுவார். வடிகால் என்றால் பார்த்ததும் ஒப்புக்கொள்வார்கள், கோடு நிலைத்து நிற்கும். பழைய ஓடைத் தடம் என்பதை விளக்கப் புலத்தில் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டேன்.

எந்தக் குறி வைத்தாலும் கோட்டை நீர் ஓடும் திசையில் வரைய வேண்டும். செயற்கைக்கோள் படத்தில் அது தெரியாது. மூலைவீட்டு அக்காவிடம் கேட்டேன். "மழை வந்தா மோரி அந்தப் பக்கம்தான் இழுக்கும் தம்பி" என்று கை காட்டினார். அடுத்த மழையில் போய் நின்றேன். ஒரு பால் கவர் அவர் காட்டிய பக்கமே மிதந்து, சாலைக்கு அடியில் நுழைந்தது. அந்த இடத்தில் கோட்டை வெட்டி, அடியில் போகும் துண்டுக்கு மட்டும் கல்வெர்ட் என்று தனிக் குறி வைத்தேன்.

நகருக்கு வெளியே, இன்னும் மண்கரையோடு ஓடும் கால்வாய்களை நான் வரைந்ததில்லை. அங்கே ஓடைதான் சரியாக வரும் என்று நினைக்கிறேன்.