இருட்டில் ஒளிரும் செபமாலை: ஆறு மாதம் உருட்டிப் பார்த்ததில்

பாம்பனில் நாட்டுப்படகில் தொழில் செய்கிறேன். வீட்டில் மகளின் புதுநன்மைக்கு, அதாவது முதல் நற்கருணைக்கு, வந்த வெள்ளி முலாம் பூசிய செபமாலை ஒன்று இருக்கிறது. பீடத்து மாதாவின் கையில் தொங்குவதோடு அதன் வேலை முடிந்தது. எனக்குத் தேவை கடலுக்கு வரும் மாலை. சங்கிலியில் கோத்தது உப்புக்காற்றில் நான்கு மாதம் தாங்காது. துருப்பிடித்துச் சட்டைப்பையில் கறையாகும். மரமணியோ நனைந்து ஊறி நூலில் இறுகிக்கொள்ளும்.

பிப்ரவரியில் ஓரியூர் போனோம். 1693 பிப்ரவரி 4 அன்று, வேதம் போதிக்க வந்த புனித அருளானந்தர் தலை வெட்டுண்ட மண். அந்தச் செம்மண்ணில் ஒரு பிடி முடிந்துகொண்டு திரும்பும் வழியில், ஒரு கடையில் இந்த மாலையைப் பார்த்தேன். நைலான் நூல், பிளாஸ்டிக் மணி, விலை அறுபது ரூபாய். "விடிய விடிய ஒளிரும் அண்ணே" என்றார் கடைக்காரர். கடையின் பெயர் வேண்டாம், அவரும் வாங்கி விற்பவர்தானே.

ஒளிரவில்லை. இரவு எட்டு மணிக்குச் சட்டைப்பையில் போட்ட மாலையை அதிகாலை மூன்று மணிக்குப் படகில் எடுத்தால் கரிக்கட்டை போல இருக்கிறது. பகல் வெளிச்சத்தைக் குடித்து வைத்துக்கொண்டு கக்குகிற சாயம் அது, சிறிது நேரத்திலேயே தீர்ந்துவிடும். கைப்பேசி டார்ச்சை ஒரு நிமிடம் காட்டினால் பச்சையாக ஒளிர்கிறது. மாலையின் முதல் பத்து மணிகளை உருட்டி முடிப்பதற்குள் மங்கத் தொடங்குகிறது. அதற்குள் டார்ச் வெளிச்சத்தில் கண் கூசி, எதிரே கிடக்கும் வலையின் மிதப்புகூடத் தெரியாமல் போகிறது. சுக்கான் பிடிக்கிறவனுக்கு இது விளையாட்டு அல்ல. "பேட்டரி மாற்றிப் பாருங்கள் மச்சான்" என்று கூட வருகிறவன் இன்னும் கேலி செய்கிறான்.

இரண்டாவது குறைதான் பெரியது. வீட்டில் மாலைச் செபத்தை மனைவி முன்சொல்ல நாங்கள் பின்சொல்வோம். ஒவ்வொரு பத்து மணிக்கும் இயேசு, மாதா வாழ்வின் ஒரு நிகழ்ச்சியை நினைப்போம், அதுதான் மறையுண்மை. நான்காம் மறையுண்மையில் நான் மட்டும் முந்திக்கொண்டு, பத்தின் முடிவில் சொல்லும் "பிதாவுக்கும் சுதனுக்கும்" செபத்தைத் தொடங்கிவிடுவேன். அவள் முறைப்பாள். மூன்று நாள் இப்படியே நடந்தது. கடவுளிடம்கூட அவசரமா என்று கேட்டுவிட்டாள். தூக்கக் கலக்கத்தில் மணியைத் தாண்டுகிறேன் என்று நானும் நம்பினேன். கடைசியில் விளக்கடியில் வைத்து எண்ணினேன். 59 மணி இருக்க வேண்டிய மாலையில் 58. நான்காவது பத்தில் ஒன்பதுதான்!

திருப்பிக் கொடுக்க யார் அவ்வளவு தூரம் போவது? மணி இல்லாத இடத்தில் வலை நூலால் ஒரு தடித்த முடிச்சுப் போட்டேன். இப்போது அந்த முடிச்சு கட்டைவிரலில் உறுத்தும்போது நான்காவது வந்துவிட்டது என்று இருட்டிலும் தெரிகிறது. கிழமைக்கு ஏற்ப மறையுண்மை மாறும். செவ்வாய், வெள்ளி என்றால் இயேசு சிலுவை சுமந்து போகும் இடம். 2002இல் இரண்டாம் யோவான் பவுல் சேர்த்த ஒளியின் மறையுண்மைகளைச் சொல்லும் வியாழனில், மலைமேல் அவர் உருமாறிய இடம். திங்களன்று குழந்தையைக் கோயிலில் காணிக்கையாக்குவது. அதற்கும் இந்த முடிச்சுக்கும் பொருத்தம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

நல்லதையும் சொல்ல வேண்டும். நூல் உறுதி. ஆறு மாத உப்பில் ஒரு பிசிர்கூட எழவில்லை. மீன் கவுச்சி ஏறினால் சவர்க்காரம் போட்டு அலசிவிடலாம். கடல் தண்ணீரைத் தொட்டுச் சிலுவை போட்டுப் படகைத் தள்ளியதிலிருந்து வலை போடும் இடம் வரை ஐந்து பத்தும் சரியாக இருக்கிறது. வலை இழுக்கும்போது மாலை கழுத்துக்குப் போய்விடும். அப்போது கைக்கு ஓய்வு இல்லை. வாய் மட்டும் "சேசுவே, சேசுவே" என்று இழுவைக்கு ஏற்றபடி சொல்லும். அதையும் செபம் என்றுதான் நான் கணக்கில் வைத்திருக்கிறேன். பங்குச் சாமியாரிடம் கேட்டதில்லை.

ஒளிரும் என்பதற்காக வாங்காதீர்கள், நூலுக்காக வாங்கலாம். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது, கேலி செய்கிற மச்சானுக்கும் அதே கடையில் ஒன்று வாங்கினேன். காசு கொடுக்கும் முன் அங்கேயே நின்று 59 மணியையும் விரலால் தள்ளி எண்ணினேன். நான் செபம் சொல்வதாக நினைத்துக் கடைக்காரர் கை கூப்பி நின்றார். எண்ணி முடிக்கும் வரை காசைக் கேட்கவில்லை.