பணம் வாங்கும்போது நர்ஸ், ரசீதில் அட்டெண்டர்

போன மார்ச்சில் எனக்கு உடல் எடையைக் குறைக்க ஸ்லீவ் ஆபரேஷன் நடந்தது. இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழ அளவுக்கு ஒரு குழாயாக்கி பின் அடித்து விடுவார்கள். ஆபரேஷனில் ஒரு குறையும் இல்லை. நான் ஏமாந்தது அதற்குப் பிறகு, என் வீட்டில்.

மடிப்பாக்கத்தில் தனியாக இருக்கிறேன். அம்மா போய் நான்கு வருடம் ஆகிறது, தம்பி துபாயில். டிஸ்சார்ஜ் அன்று பில் கவுன்டரில் இருந்தவர், "வீட்ல யாரும் இல்லையா மேடம்?" என்று கேட்டு ஒரு விசிட்டிங் கார்டை நீட்டினார். பத்து நாளைக்கு ட்ரெயின்டு நர்ஸ், ஒரு நாளைக்கு 1,800, மொத்தப் பணமும் முன்னாலேயே. வயிற்றில் ஐந்து ஓட்டையோடு நின்றுகொண்டு யார் பேரம் பேசுவார்கள்? 18,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பிவிட்டேன்.

மாலையில் ஒரு பெண் வந்தாள். இருபது வயதுதான் இருக்கும், விழுப்புரம் பக்கம். எனக்குப் பத்து நாள் ரத்தம் உறையாமல் இருக்க ஊசி எழுதிக் கொடுத்திருந்தார்கள். மருந்து ஏற்கெனவே நிரப்பிய சிரிஞ்ச், தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, தோலைக் கிள்ளிப் பிடித்துப் போட வேண்டியது. உள்ளே இருக்கும் காற்றுக் குமிழை வெளியேற்றக் கூடாது, போட்ட பின் தேய்க்கவும் கூடாது. அவள் சிரிஞ்சை நிமிர்த்தி அழுத்தினாள். காற்றோடு மருந்தும் பீய்ச்சி அடித்துத் தலையணையில் விழுந்தது. அப்புறம் என் நைட்டியின் கையை மடித்துவிட ஆரம்பித்தாள்.

"கையில இல்லம்மா, வயித்துல" என்றேன்.

சிரிஞ்சைக் கீழே வைத்துவிட்டாள். "அக்கா, நான் ஊசியே போட்டதில்ல. துணிக்கடையில இருந்தேன், வந்து பத்து நாள்தான் ஆச்சு."

அவள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. நான் கொடுத்த 1,800-இல் அவள் கைக்கு 500 போகிறதாம். யூடியூபைப் பார்த்து நானே ஊசி போட்டுக்கொண்டேன். இரவில் நான் எழுந்தால் அவளும் எழுந்து நின்றாள், அது உண்மை.

மூன்றாம் நாள் காலை, சொல்லாமல் கொள்ளாமல் அவளை வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டார்கள். "மதியம் ஆள் வந்துரும் மேடம்" என்றார் ஏஜென்சிக்காரர். அந்த மதியம் வரவே இல்லை. இந்த ஆபரேஷன் செய்தவர்களுக்குத் தெரியும், ஒரு டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடிக்க முடியாது. மருந்து மூடியில் 30 மில்லி, கால் மணிக்கு ஒரு தடவை. நினைவுபடுத்த ஆள் இல்லாவிட்டால் தூங்கிப் போவோம். நான் தூங்கிப் போனேன். மறுநாள் சிறுநீர் டீ நிறத்தில் போனது, எழுந்தால் கண் இருட்டியது, விரலில் மாட்டும் மெஷினில் பல்ஸ் 118. பின் அடித்த இடத்தில் கசிவு ஏற்பட்டாலும் பல்ஸ் இப்படித்தான் ஏறும் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். கை நடுங்கிக்கொண்டே 108-க்கு அடித்தேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் கசிவு இல்லை, நீர் வற்றியதுதான். இரண்டு நாள் டிரிப்ஸ். அந்தச் செலவு தனி.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோதுதான் வாட்ஸ்அப்பில் வந்த ரசீதை நிதானமாகப் படித்தேன். நர்ஸ் என்ற சொல்லே அதில் இல்லை. 'அட்டெண்டர் சேவை, முன்பணம் திருப்பித் தரப்படாது.' பில் கவுன்டரில் கேட்டால், "அவங்க வேற மேடம், நாங்க வேற." கார்டைக் கொடுத்த கை மட்டும் யாருடையதோ.

அதனால், தனியாக இருந்து இந்த ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் ஆளை அட்மிட் ஆவதற்கு முன்பே பிடித்து வையுங்கள். நர்ஸ் என்று சொன்னால் தமிழ்நாடு செவிலியர் குழுமத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். பணத்தை வாராவாரம் மட்டும் கொடுங்கள். ஊசி எப்படிப் போடுவது என்று வார்டில் இருக்கும்போதே சிஸ்டரிடம் கற்றுக்கொள்ளுங்கள், அவர்கள் சந்தோஷமாகச் சொல்லித் தருகிறார்கள். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் போடுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருடத்துக்குள் போகலாம். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை இருந்தால் வழக்குப் போடக் கட்டணம் கிடையாது. நான் போயிருக்கிறேன். ஆணையத்திலிருந்து நோட்டீஸ் போன பிறகுதான் ஏஜென்சிக்காரர், "4,000 வாங்கிக்கங்க மேடம், முடிச்சுக்கலாம்" என்று பேச வந்தார். முடியாது என்றுவிட்டேன்.

போன வாரம் அந்தப் பெண் போன் செய்தாள். நலம் விசாரித்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அக்கா, இங்க தாத்தாவுக்கு இன்சுலின் போடச் சொல்றாங்க. எப்படிப் போடணும்?" என்றாள்.