குளிர்விக்கத் தெரியாத வெப்பமேடை

திரவப் படிகங்களின் நிலைமாற்றத்தை மாணவர்களுக்குக் காட்டுவதற்காக, ஒரே தளத்தில் அதிரும் ஒளியில் மாதிரியைக் காட்டும் தளவிளைவு நுண்ணோக்கியின் மேல் பொருத்தும் சிறிய வெப்பமேடை ஒன்றை எங்கள் ஆய்வகத்துக்கு வாங்கினோம். ஆறு மாதம் பயன்படுத்திய பின் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். தயாரிப்பாளரின் பெயர் இங்கே தேவையில்லை.

சூடேற்றும் வேலையைக் கருவி ஒழுங்காகவே செய்கிறது. 5சிபி என்னும் திரவப் படிகம் ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸில் நெமாட்டிக் நிலையை (மூலக்கூறுகள் ஒரே திசையில் அணிவகுத்தபடியே திரவமாக ஓடும் நிலையை) இழந்து சாதாரணத் திரவமாகும்போது, குறுக்காக வைத்த இரு தளவிளைவாக்கிகளுக்கு (ஒளிவடிகட்டிகளுக்கு) இடையே காட்சி முழுவதும் இருண்டுவிடும். அந்தக் கணத்தில் எங்கள் கருவி 36.4 என்று காட்டியது. மாசு கலந்திருந்தால் இந்த வெப்பநிலை பொதுவாகக் குறையுமே தவிர ஏறாது. ஆகவே பிழை மாதிரியில் இல்லை, சூடாக்கும் தகட்டை ஒட்டி வைத்திருக்கும் உணரியில்தான் இருக்கிறது. கழித்துக் கணக்கிட்டுக்கொள்ளலாம் என்பதால் இதைப் பெரிய குறையாகக் கருதவில்லை.

ஆனால் நாங்கள் காட்ட விரும்பும் குறைபாடுகள், அதாவது திரவப் படிகத்தில் மூலக்கூறுகளின் வரிசை குலையும் இடங்கள், பிறப்பது குளிரும்போதுதான். இருண்ட காட்சியில் முதலில் ஒளிரும் துளிகள் தோன்றுகின்றன. ஒவ்வொரு துளியிலும் மூலக்கூறுகள் ஏதோ ஒரு திசையில் அணிவகுக்கின்றன. துளிகள் இணையும் இடங்களில் அத்திசைகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போனால், அங்கே இழைபோன்ற குறைபாடுகள் தங்கிவிடுகின்றன. பேரண்டம் குளிர்ந்தபோதும் இவ்வாறே குறைபாடுகள் உருவாகியிருக்கலாம் என்று இயற்பியலாளர் டாம் கிப்பிள் 1976இல் முன்வைத்த கருத்தை 1990களில் ஆய்வகத்தில் சோதிக்க உதவியவற்றுள் நெமாட்டிக் திரவங்களும் அடங்கும். வேகமாகக் குளிர்வித்தால் துளிகள் பெருகிக் குறைபாடுகளும் நெருக்கமாக அமைகின்றன. மெல்லக் குளிர்வித்தால் சில துளிகளே பெரிதாக வளர்கின்றன. பிறகு, இரண்டாகவோ நான்காகவோ கரும்பட்டைகள் கிளம்பும் குறைபாட்டுப் புள்ளிகளில், எதிரெதிர்க் குறியுடையவை (மூலக்கூறு வரிசை எதிரெதிராகத் திரும்பியவை) நெருங்கி ஒன்றையொன்று அழித்துக்கொள்வதைக் காணலாம். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது.

கருவி இடறுவதும் இங்கேதான். இதில் குளிர்விக்கும் அமைப்பு எதுவும் இல்லை. சூட்டை நிறுத்திவிட்டு அறைக்காற்றை நம்பிக் காத்திருக்க வேண்டும். மே மாத நண்பகலில் எங்கள் அறை 33 டிகிரியைத் தொடும்போது, 35 டிகிரியைக் கடக்கும் வேகத்தை மாற்றிப் பார்ப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. விளம்பரத்தாளில் ‘வெப்பநிலைக் கட்டுப்பாடு’ என்று மட்டும் இருந்ததை இருவழிக் கட்டுப்பாடு என்று நாங்களாகவே பொருள்கொண்டோம். வாங்குவோர், மின்சாரத்தால் சூடாக்கவும் குளிர்விக்கவும் வல்ல பெல்டியர் தகடு உள்ளதா என்று முதலில் கேட்டுக்கொள்ளவும்.

இப்போதைக்கு அதே குடும்பத்துத் திரவப் படிகமான 8சிபியை வைத்துச் சமாளிக்கிறோம். அது ஏறத்தாழ 40.5 டிகிரியில் நெமாட்டிக் ஆவதால், வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஓரளவு இடம் கிடைக்கிறது. அதற்கும் கீழே, 33.5 டிகிரியையொட்டி மூலக்கூறுகள் அடுக்கடுக்காக அமையும் ஸ்மெக்டிக் நிலை உருவாகி, நெமாட்டிக் குறைபாடுகள் விசிறி வடிவங்களுக்கு வழிவிடும் மாற்றத்தைக் காட்ட மட்டும் டிசம்பர் வரை காத்திருக்கிறோம்.