சார்ஜ் ஏறாத லேப்டாப்: பேட்டரி மேல் பழி போடுவதற்கு முன்

பேட்டரி சின்னத்தின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி விழுந்துவிட்டால் பலரும் முதலில் செய்வது புது பேட்டரி தேடுவதுதான். ஒரே லேப்டாப்பை நெடுநாளாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அதில் இந்தத் தொல்லை வெவ்வேறு வேஷத்தில் வந்திருக்கிறது. சார்ஜர் மாட்டியும் ஏறாமல் இருந்திருக்கிறது. பேட்டரியே இல்லை என்று சாதித்திருக்கிறது. குறிப்பிட்ட சதவீதத்தில் வந்து நின்றுகொண்டு நகர மறுத்திருக்கிறது. இத்தனையிலும் பேட்டரி உண்மையிலேயே தீர்ந்துபோயிருந்தது கடைசியாக வந்த முறை மட்டும்தான். மற்றதெல்லாம் ஒயர், கனெக்டர், செட்டிங் என்று சில்லறை விவகாரங்கள்.

லேப்டாப் பேட்டரி வெறும் செல் அடுக்கு இல்லை. லித்தியம் அயான் செல்களோடு ஒரு சின்ன சர்க்யூட் போர்டும் உள்ளே இருக்கிறது. எவ்வளவு கரன்ட் உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது, செல் எவ்வளவு சூடாக இருக்கிறது, இதுவரை எத்தனை சுற்று சார்ஜ் ஆனது என்றெல்லாம் கணக்கு வைப்பது அந்த போர்டில் உள்ள சிப்தான். மதர்போர்டோடு அது பேசுவது இரண்டு மெல்லிய கம்பிகள் வழியாக. டேட்டாவுக்கு ஒன்று, அதன் தாளத்தைச் சொல்லும் கிளாக்குக்கு ஒன்று. 'பேட்டரி இல்லை' என்று திரையில் வந்தால் பெரும்பாலும் இந்தப் பேச்சு அறுந்திருக்கிறது. செல்கள் நிறைந்தே இருந்தாலும், சிப் பதில் சொல்லவில்லையென்றால் மதர்போர்டு அந்த பேட்டரியைச் சீண்டாது.

அதனால் நான் முதலில் போய்ப் பார்ப்பது பயாஸ், அதாவது விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே மதர்போர்டில் ஓடும் அடிப்படை புரோகிராம். லேப்டாப்பை ஆன் செய்யும்போதே அதற்குரிய கீயை அழுத்தி உள்ளே போனால், பல மாடல்களில் பேட்டரி நிலவரத்துக்கென்றே ஒரு பக்கம் இருக்கும். சார்ஜர் என்ன வாட் என்பதையும் சிலவற்றில் காட்டும். அங்கே பேட்டரி ஒழுங்காகத் தெரிந்து, விண்டோஸில் மட்டும் தெரியவில்லையென்றால் சாஃப்ட்வேர் கோளாறு. அங்கேயும் தெரியவில்லையென்றால் விண்டோஸைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

'டிவைஸ் மேனேஜரில் பேட்டரி டிரைவரை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் பண்ணு' என்பதுதான் எங்கே கேட்டாலும் கிடைக்கிற முதல் யோசனை. டிரைவர் என்பது பேட்டரியை விண்டோஸுக்குப் புரியவைக்கும் சின்ன சாஃப்ட்வேர். செய்யலாம், கெடுதல் ஒன்றுமில்லை. ரீஸ்டார்ட் ஆனதும் விண்டோஸ் தானே அந்த டிரைவரைத் திரும்பப் போட்டுக்கொள்ளும். ஆனால் பயாஸுக்கே தெரியாத பேட்டரியை டிரைவர் எங்கிருந்து கொண்டுவரும்? இந்த ஒரு சோதனையை முதலில் செய்துவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

எனக்கு முதலில் வந்த தொல்லை சார்ஜர் சம்பந்தப்பட்டது. லேப்டாப் கரன்டில் ஓடுகிறது, பேட்டரியும் காட்டுகிறது, ஆனால் 'ப்ளக் போடப்பட்டுள்ளது, சார்ஜ் ஆகவில்லை' என்ற நிலைமை. அதைவிட விசித்திரம், லேப்டாப் ஆமை வேகத்துக்கு இறங்கிவிட்டது. ஒரு ஃபோல்டர் திறக்கவே காத்திருக்க வேண்டியிருந்தது. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் பிராசஸர் வேகம் ஒரு கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. சார்ஜ் ஏறாததும் வேகம் குறைந்ததும் தனித்தனி நோய் என்றுதான் யாருக்கும் தோன்றும். இரண்டுக்கும் வேர் ஒன்றே.

உருண்டையான முனை கொண்ட பல சார்ஜர்களில், முனையின் நடுவே ஊசி மாதிரி ஒரு பின் இருக்கும். அதில் பவர் வருவதில்லை. 'நான் இன்ன வாட் சார்ஜர்' என்று லேப்டாப்புக்கு அடையாளம் சொல்வது மட்டுமே அதன் வேலை. அந்த அடையாளம் போய்ச் சேரவில்லையென்றால் லேப்டாப் முன்ஜாக்கிரதையாக பேட்டரிக்கு சார்ஜ் கொடுப்பதை நிறுத்தும். பல மாடல்களில் பிராசஸரையும் கட்டிப்போடும். எத்தனை வாட் தரும் என்று தெரியாத சார்ஜரிடமிருந்து நிறைய இழுத்தால் அது சூடேறிக் கருகலாம் என்ற பயம்தான். ஆன் செய்யும்போது 'அடாப்டர் எந்த வகை என்று தெரியவில்லை' என்கிற எச்சரிக்கை ஒரு வினாடி வந்து போகும். அவசரத்தில் எண்டரைத் தட்டிவிட்டால் கண்ணில் படாது.

மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் முனையில் 19.5 வோல்ட் சரியாக வரும். 'சார்ஜர் நல்லாத்தான் இருக்கு' என்று அங்கேயே ஏமாந்துவிடலாம். அடையாளக் கம்பி அறுந்ததை இந்த அளவீடு காட்டாது. முனையை ஒட்டி ஒயர் வளையும் இடத்தில் ரப்பர் உறையைக் கூர்ந்து பார்க்க வேண்டும். என்னுடையதில் அங்கே மயிரிழைக் கீறல்கள் வட்டமாக ஓடியிருந்தன; ஒயரை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் சார்ஜ் லைட் எரியும், விட்டால் அணையும். சார்ஜர் கட்டியைச் சுற்றி ஒயரை இறுக்கிச் சுருட்டிப் பையில் திணிக்கிற பழக்கம் இருந்தால் இது வராமல் போனால்தான் ஆச்சரியம். அதே வாட் உள்ள வேறு சார்ஜரை மாட்டியதும் வேகமும் வந்தது, சார்ஜும் ஏறியது. வேறு சார்ஜரிலும் இதே கதைதான் என்றால் லேப்டாப் பக்கத்து ஜாக்கைப் பார்க்க வேண்டும். அந்த நடு பின் போய்த் தொடும் இடம் கெட்டிருக்கும், அல்லது ஜாக்கே ஆடிக்கொண்டிருக்கும்.

டைப் சி வழியாக சார்ஜ் ஆகும் லேப்டாப்புகளில் இந்த அடையாளப் பேச்சு இன்னும் விரிவானது. சார்ஜர் முதலில் 5 வோல்ட் மட்டும் தரும்; இரண்டும் பேசி முடித்த பிறகுதான் 9, 15, 20 வோல்ட் என்று ஏறும். பேச்சு முறிந்தால் 5 வோல்ட்டிலேயே நின்றுவிடும், அதில் பெரும்பாலான லேப்டாப்புகள் சார்ஜ் ஆகாது. கேபிளுக்கும் இதில் பங்கு உண்டு. 60 வாட்டுக்கு மேல் போக வேண்டுமென்றால் 5 ஆம்பியர் தாங்கும், உள்ளே தனி சிப் வைத்த கேபிள் வேண்டும். போனோடு வந்த கேபிளை மாட்டிவிட்டு 'ஸ்லோ சார்ஜிங்' என்று வருகிறதே என்று குழம்புகிறவர்கள் நிறையப் பேர்.

அடுத்த முறை வந்தது பேட்டரியே காணாமல் போகும் கேஸ். ஸ்லீப்பில் போட்டு மூடிவைத்து, மறுபடி திறந்தால் சிவப்புக் குறி. ரீஸ்டார்ட் செய்தும் போகவில்லை. இங்கே குற்றவாளி எம்பெடெட் கன்ட்ரோலர் எனப்படும் சின்ன சிப். கீபோர்டு, ஃபேன், பவர் பட்டன், பேட்டரி எல்லாவற்றையும் கவனிப்பது அதுதான். லேப்டாப்பை ஷட்டவுன் செய்தாலும் அது தூங்குவதில்லை, பேட்டரியிலிருந்து துளித்துளியாகக் கரன்ட் எடுத்துக்கொண்டு விழித்திருக்கும். அது குழம்பிவிட்டால் விண்டோஸை எத்தனை முறை அணைத்து எழுப்பினாலும் குழப்பம் அப்படியே இருக்கும்.

ஷட்டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்ற முடிந்தால் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். பேட்டரி உள்ளேயே இருக்கும் மாடல்களில், அடிப்பக்கம் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு ரீசெட் துளை இருக்கிறதா பார்க்கலாம், அல்லது பயாஸில் உள் பேட்டரியைத் தற்காலிகமாகத் துண்டிக்கும் ஆப்ஷன் இருக்கும். பிறகு பேட்டரியைக் கழற்றியிருந்தால் திரும்பப் போட்டு, சார்ஜரை மாட்டி ஆன் செய்தால் பேட்டரி திரும்பத் தெரியும். என் அனுபவத்தில் இதுதான் அதிகம் பலன் தந்த வைத்தியம். திரும்பத் திரும்ப வந்ததால் பயாஸை அப்டேட் செய்தேன்; அதற்குப் பிறகு இந்த வகைத் தொல்லை தலைகாட்டவில்லை. சார்ஜே ஏறாத நேரத்தில் பயாஸ் அப்டேட்டில் இறங்குவது ஆபத்து என்பதையும் சொல்லிவிடுகிறேன். பேட்டரி போதுமான அளவு இல்லையென்றால் பல லேப்டாப்புகள் அதை அனுமதிக்கவும் செய்யாது.

ஃபேன் தூசியைச் சுத்தம் செய்யத் திறந்து மூடிய பிறகு ஒருமுறை பேட்டரி தெரியாமல் போனது. அடிமூடியைக் கழற்றியதுமே காரணம் தெரிந்துவிட்டது. பேட்டரி கனெக்டர் ஒரு ஓரத்தில் மட்டும் நகத்தின் கனம் அளவுக்கு மேலே எழும்பி நின்றது. நேராக வைத்து விரலால் அழுத்தினேன், அவ்வளவுதான். யாராவது லேப்டாப்பைத் திறந்து மூடிய பிறகு இந்தப் பிரச்சினை வந்திருந்தால், வேறு எதையும் யோசிக்காமல் இதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

கோளாறே இல்லாத கோளாறு ஒன்றும் உண்டு. பயாஸ் அப்டேட் ஆன கொஞ்ச நாளில் சார்ஜ் 80 சதவீதத்தில் நின்றது, மேலே போகவில்லை. பேட்டரி ஆயுளைக் காக்கிற வசதி ஆன் ஆகியிருந்தது, வேறொன்றுமில்லை. சில கம்பெனிகள் இதை 60 சதவீதத்திலேயே நிறுத்தும். அதே மாதிரி, சார்ஜ் 95க்கு மேல் இருக்கும்போது சார்ஜரைக் கழற்றி மாட்டினால் பல லேப்டாப்புகள் மறுபடி ஏற்றாது. கொஞ்சம் இறங்கட்டும் என்று காத்திருக்கும். லேப்டாப் கொதித்துக்கொண்டிருந்தாலும் சார்ஜ் நிற்கும், குளிர்ந்ததும் தானே தொடரும். இவற்றுக்கெல்லாம் எந்தச் சிகிச்சையும் தேவையில்லை.

கடைசியில் பேட்டரியின் முறையும் வந்தது. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து பேட்டரி ரிப்போர்ட் எடுத்தால் இரண்டு எண்கள் கிடைக்கும்: தயாரித்தபோது இருந்த கொள்ளளவு, இப்போது முழு சார்ஜில் பிடிக்கும் அளவு. லினக்ஸில் யூபவர் கட்டளையும் இதையே காட்டும். இரண்டாவது எண் முதலாவதில் பாதிக்கும் கீழே போய்விட்டது என்னுடையதில். அதைவிடப் பெரிய அறிகுறி டச்பேடில் தெரிந்தது. கிளிக் செய்தால் அமுங்க மறுத்தது. லேப்டாப்பை மேஜையில் வைத்தால் ஒரு மூலை தூக்கி ஆடியது. பேட்டரி அப்பளம் மாதிரி உப்பியிருந்தது.

இந்த இடத்தில் விளையாட்டு வேண்டாம். செல்லுக்குள் வேதிப்பொருள் சிதைந்து வாயு சேர்வதால்தான் பேட்டரி வீங்குகிறது. கண்டதும் சார்ஜ் போடுவதை நிறுத்த வேண்டும். அமுக்கிச் சரிசெய்யப் பார்ப்பதோ, குத்தி வாயுவை வெளியேற்றுவதோ தீயில்தான் போய் முடியும். கழற்றும்போது இரும்புக் கருவியால் நெம்பக் கூடாது. கழற்றியதைக் குப்பையில் போடாமல் மின்கழிவு வாங்குமிடத்தில் கொடுக்க வேண்டும்.

புது பேட்டரி வாங்கும்போது லேப்டாப் மாடல் பெயரை மட்டும் நம்பக் கூடாது. ஒரே மாடலில் வெவ்வேறு பேட்டரிகள் வருவதுண்டு. பழைய பேட்டரியின் மேல் அச்சடித்திருக்கும் பார்ட் நம்பரும் வோல்ட்டேஜும் ஒத்துப்போக வேண்டும். 11.1 வோல்ட்டும் 11.4 வோல்ட்டும் கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று தோன்றும். 11.1 வோல்ட் பேட்டரியில் வரிசைக்கு மூன்று செல், ஒவ்வொன்றும் 4.2 வோல்ட் வரை ஏறும், 11.4இல் வருவது அதைவிடச் சற்று அதிகம் ஏற்றக்கூடிய வேறு ரகச் செல். 14.8 என்று போட்டிருந்தால் நான்கு செல், அது முற்றிலும் வேறு. சில கம்பெனிகளின் லேப்டாப்புகள் பேட்டரி சிப்பிடம் அடையாளம் கேட்கும். தங்களுடையது இல்லையென்றால் 'இந்த பேட்டரி சார்ஜ் செய்யப்படாது' என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடும்.

நான் போட்டது வேறு கம்பெனி தயாரிப்பு. மாட்டியதும் அதுவும் தெரியவில்லை! நெடுநாள் கிடப்பில் கிடந்த பேட்டரி அளவுக்கு மீறி வடிந்துபோனால் அதன் பாதுகாப்பு சிப் உறக்கத்துக்குப் போய்விடும். சார்ஜரை மாட்டி லேப்டாப்பை ஆஃப் செய்தே விட்டுவைத்தேன். மெல்லிய கரன்டில் செல்கள் கொஞ்சம் எழும்பிய பிறகுதான் முழு சார்ஜ் தொடங்கும். கொஞ்ச நேரம் கழித்து லைட் எரிந்தது. இப்படி எழும்பாத பேட்டரியைப் பிரித்து, செல்லுக்கு வெளியிலிருந்து நேரடியாகக் கரன்ட் கொடுத்து எழுப்புகிற வீடியோக்கள் உலவுகின்றன. செல் ஒரேயடியாக வடிந்தால் உள்ளிருக்கும் செம்பு கரைந்து, மறுபடி சார்ஜ் ஏற்றும்போது வேறிடத்தில் படிந்து உள்ளேயே ஷார்ட் ஆகலாம். சிப் பூட்டி வைப்பது காரணத்தோடுதான்.

இந்த மாற்று பேட்டரி நேரம் தாங்குகிறது, ஒரிஜினல் புதிதாக இருந்தபோது தந்ததில் முக்கால் பங்கு என்று சொல்லலாம். கணக்குத்தான் உதைக்கிறது. 30 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று அணைந்துவிடும். முழுக்க ஏற்றி, தொடர்ச்சியாக ஓட்டி இறக்கி, மறுபடி முழுக்க ஏற்றினால் சிப் தன் கணக்கைத் திருத்திக்கொள்ளும். இதனால் கொள்ளளவு எதுவும் அதிகமாகாது, காட்டும் எண் மட்டும் நிஜத்துக்குப் பக்கத்தில் வரும். செய்த பிறகு தேவலை, ஆனாலும் கடைசிப் பதினைந்து சதவீதத்தை நான் நம்புவதில்லை. ஹைபர்னேட் ஆகும், அதாவது திறந்திருப்பதையெல்லாம் டிஸ்கில் பத்திரப்படுத்திவிட்டுத் தானே அணையும் வரம்பு வழக்கமாக 5 சதவீதத்தை ஒட்டி இருக்கும். பவர் ஆப்ஷனில் அதை 18க்கு உயர்த்தி வைத்துவிட்டேன். திறந்திருந்த ஃபைல் சேவ் ஆகாமல் போவது அத்தோடு நின்றது.