அம்மோனியா அளக்க இரண்டு எலக்ட்ரோடு: நான் ஏன் வாயு வகையை எடுத்தேன்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறை என்ற ஊரில் ஒரு சிறிய தண்ணீர்ச் சோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். பாதி ஆற்று நீர், பாதி இறால் குளத்து நீர். எல்லாருக்கும் தெரிய வேண்டியது அம்மோனியா நைட்ரஜன்தான், அதாவது அம்மோனியாவாகவும் அம்மோனியமாகவும் நீரில் இருக்கும் நைட்ரஜனின் அளவு. பழைய எலக்ட்ரோடு (நீரில் முக்கி அளக்கும் உணரி) போனதும், அம்மோனியம் அயனியை நேரடியாக அளக்கும் அம்மோனியம் வகையா, அம்மோனியாவை வாயுவாக்கி அளக்கும் வாயு வகையா என்று யோசித்து, வாயு வகையை வாங்கினோம்.

அம்மோனியம் வகையில் நுனியில் பிவிசி சவ்வு. முக்கி எடுத்தால் ஓரிரு நிமிடத்தில் எண் வந்துவிடும், காரம் சேர்க்க வேண்டாம். வாயு வகைக்கு மாதிரியில் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு பிஎச்-ஐ 11-க்கு மேல் ஏற்ற வேண்டும். அப்போது அம்மோனியா வாயுவாகி டெஃப்லான் சவ்வைத் தாண்டி உள்ளே போய், அங்கிருக்கும் கரைசலின் பிஎச்-ஐ மாற்றும்; அந்த மாற்றத்தைத்தான் அளக்கிறோம். வேலை கூடுதல், அளவு குறையக் குறைய எண் நிற்கவும் நேரமாகும்.

குளத்து நீருக்கு முதல் வகை ஒத்துவராது. அது ஏறக்குறைய பத்து பொட்டாசியம் அயனியை ஒரு அம்மோனியமாக எண்ணிவிடும். பாதி கடல்நீர் கலந்த குளத்தில் லிட்டருக்குச் சுமார் 200 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கும். அதுவே 7 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் போலக் காட்டும். நாம் தேடுவதோ 1 மில்லிகிராமுக்கும் கீழே.

ஆற்று நீருக்கு மட்டும் என்றாலும் வாயு வகையைத்தான் எடுத்திருப்பேன். காரணம் பராமரிப்பு. பிவிசி சவ்வு பெட்டியில் சும்மா கிடந்தாலும் மூப்படையும். எங்கள் பழைய அம்மோனியம் எலக்ட்ரோடு, கரைசலின் செறிவு 10 மடங்கு மாறினால் 57 மில்லிவோல்ட் வித்தியாசம் காட்டிக்கொண்டிருந்தது, ஒரு வருடத்துக்குள் 49-க்கு இறங்கிவிட்டது. ஊறவைத்துப் பார்த்தோம், திரும்பவில்லை. நுனியையே முழுதாக மாற்ற வேண்டியிருந்தது. வாயு வகையில் கெடுவது ஒரு சின்ன டெஃப்லான் வட்டம். இடுக்கியால் ஓரத்தைப் பிடித்து, விரல் படாமல், சுருக்கமில்லாமல் இழுத்துப் பொருத்தி, உள்கரைசலை மாற்றினால் பத்து நிமிடத்தில் முடிந்தது. உள்ளே இருக்கும் கண்ணாடி பிஎச் எலக்ட்ரோடு அப்படியே இருக்கும். அளக்கும்போது சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள், நுனியில் குமிழி தங்காது.

அளவுதிருத்தத்தில் நாங்கள் பட்ட பாடு ஒன்று. ஆரம்பத்தில் பத்து பீக்கரிலும் ஒரே நேரத்தில் காரத்தை விட்டு வரிசையாக அளந்தோம். கடைசி பீக்கர்கள் எல்லாம் குறைவு. வாயு பறந்துபோயிருக்கிறது! இப்போது அளக்கும் நொடியில்தான் காரம். தரக் கரைசல்களை (அளவு முன்பே தெரிந்த கரைசல்களை) லிட்டருக்கு 0.1, 1, 10 மில்லிகிராம் எனக் கீழிருந்து மேலே அளந்துகொண்டு போவோம். 1-க்கும் 10-க்கும் இடையில் 54 முதல் 60 மில்லிவோல்ட் வந்தால் சரி, குறைந்தால் சவ்வை மாற்றுவோம். ஏர்கானில் இருந்த கரைசலும் வெயிலில் வந்த மாதிரியும் ஒரே சூட்டுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். 1 மில்லிவோல்ட் பிசகினாலே விடையில் 4 சதவீதம் போகும். மலேசியாவின் தேசிய நீர்த்தரத்தில் இரண்டாம் வகுப்பு ஆற்றுக்கு எல்லை லிட்டருக்கு 0.3 மில்லிகிராம், அங்கே இந்தப் பிசகு சாதாரணமில்லை.

குளத்து நீரில் காரம் விட்டதும் மெக்னீசியம் வெள்ளையாகத் திரியும். இடிடிஏ (மெக்னீசியம் போன்ற உலோக அயனிகளைப் பிடித்துவைக்கும் வேதிப்பொருள்) கலந்த காரம் எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. தரக் கரைசலையும் அதே உப்பளவில் தயாரியுங்கள், இல்லாவிட்டால் எண் நகர்ந்துகொண்டே இருக்கும்.

வாயு வகை எளிதில் ஆவியாகும் அமீன்களையும் (அம்மோனியாவை ஒத்த சேர்மங்கள்) அம்மோனியாவாக எண்ணும். அப்படிப்பட்ட ஆலைக் கழிவுநீர் எங்களிடம் இரண்டு மூன்று முறைதான் வந்திருக்கிறது. அந்த வேலைதான் அதிகம் என்றால் என் பேச்சை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஜூரு ஆற்றங்கரையில் நின்றபடியே உத்தேசமாக ஓர் எண் வேண்டும் என்பவர்களுக்கு அம்மோனியம் வகையே வசதி.

அப்புறம், வாங்கும் முன் கடைக்காரரிடம் சவ்வும் உள்கரைசலும் கையிருப்பில் உண்டா என்று கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும் என்றால், எலக்ட்ரோடோடு சேர்த்து ஒரு பெட்டி சவ்வையும் அன்றைக்கே வாங்கிவிடுங்கள்.